நாயின் விலையும் அயலவன் கடமையும்

அயலவர் ஒருவரின் மோட்டார் வண்டி நமது வளர்ப்பு நாயைக் கொன்றுவிடுகிறது. அவர் நமக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்?

கேள்வி சிறியது. விலைவாசியும் வேலையின்மையும் தீராத இனப்பிரச்சினையும் நெருக்கும் நாட்டிலே இதனை எழுப்புவது சிலருக்கு வேடிக்கையாகவும் தோன்றலாம். ஆயினும், ஒரு சமுதாயம் எதனை நட்டம் என்று ஒப்புக்கொள்கிறது, எதனை ஒப்புக்கொள்ள மறுக்கிறது என்பதை அறிய விரும்புவோர் பெரிய வழக்குகளை மாத்திரம் பார்த்தாற் போதாது. யாரும் கவனியாத சின்ன விவகாரங்களிலே சட்டம் தன் பழைய பழக்கங்களை மறைத்துக்கொள்ளாமலே நடமாடுகிறது.

இலங்கையில் இவ்விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றால் அதனைத் தீர்ப்பது ஒல்லாந்தர் இங்கு விட்டுச்சென்ற உரோம டச்சுச் சட்டமாகும். அச்சட்டத்தின் கண்ணில் நாய் ஒரு பொருள். அதற்கு உரிமையாளன் ஒருவன் உண்டு. பொருள் அழிந்தால் நட்டப்படுபவன் அவனே. நட்டஈடு கேட்பவன் முக்கியமாக இரண்டு விடயங்களை நிரூபிக்கவேண்டும். வண்டியோட்டியவர் வேண்டுமென்றோ கவலையீனமாகவோ நடந்துகொண்டார் என்பது ஒன்று. அதனால் தன் சொத்திலே காசளவான குறைவு ஏற்பட்டது என்பது மற்றொன்று. முதலாவது விடயத்தைச் சாட்சிகளைக் கொண்டு விசாரிக்கலாம். வண்டி என்ன வேகத்தில் வந்தது, ஒழுங்கை எவ்வளவு அகலமானது, வளைவிலே சாரதி ஒலியெழுப்பினாரா என்றெல்லாம் கேட்கலாம். இரண்டாவது விடயத்துக்கு வரும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. அந்த நாய் என்ன விலைக்குப் போகும்?

குற்றவியற் சட்டத்தை நாடலாமென்றால் அங்கும் இதே கதைதான். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை பிறர் உடைமைக்குக் கேடு விளைவிக்கும் குற்றத்தின் ஒரு வகையாகவே விலங்கைக் கொல்லுதலைக் கண்டது. பத்து ரூபாவோ அதற்கு மேலோ பெறுமதியுள்ள விலங்காயின் ஒரு தண்டனை என்று அது வகுத்தது. அதுவும் கொல்லும் எண்ணமோ, கேடு விளையக்கூடும் என்ற அறிவோ இருந்தாற்றான். வெறுங் கவலையீனம் அக்குற்றமாகாது. மிருகவதையைத் தடுக்க 1907ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் விதித்த அபராதம் நூறு ரூபாவுக்கு மேற்படவில்லை. அதற்குப் பதிலாகப் புதியதொரு சட்டமூலத்தைச் சட்ட ஆணைக்குழு 2006ஆம் ஆண்டிலே வரைந்து கொடுத்தும், 2023ஆம் ஆண்டு கழிந்தபோதும் அது சட்டமாகியிருக்கவில்லை. அயல்நாடான இந்தியாவிலே 1860ஆம் ஆண்டின் சட்டக்கோவையிலிருந்த பத்து ரூபாக் கணக்கு 2024ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தால் நீங்கியது. இப்போது எந்த விலங்காயினும் ஒரே தண்டனை. ஆனால் அங்கும் தற்செயலான மரணத்துக்கும் கவலையீனத்துக்கும் அப்பிரிவு பொருந்தாது.

எனவே பிரச்சினை மீண்டும் விலையிடமே வந்து நிற்கிறது. இந்த விலைக்கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பயனுடைத்து.

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டளவில் உரோமாபுரியிலே அக்குயிலியச் சட்டம் என்ற பெயரில் ஒரு சட்டம் நிறைவேறியது. நம் நாட்டு நட்டஈட்டு வழக்குகளின் மூலவேர் அதுவே. பிறனுடைய அடிமையையோ, மந்தையாக மேயும் நாற்கால் விலங்கையோ நியாயமின்றிக் கொன்றவன், அதற்கு முந்திய ஓராண்டில் அது பெற்றிருக்கக்கூடிய மிகவுயர்ந்த விலையை உரிமையாளனுக்குச் செலுத்தவேண்டும் என்பது அதன் முதற் பிரிவு. மனிதனும் மாடும் ஒரே வரியில்! இதற்கு விளக்கம் எழுதிய காயுஸ் என்ற சட்டஅறிஞர், நாய் அந்த வரிசையில் அடங்காது என்றார். ஆடு, மாடு, குதிரை, கழுதை ஆகியன அடங்கும், பன்றியைப்பற்றி ஐயம் எழுந்து அதுவும் அடங்குமென முடிவாயிற்று, நாய்க்கு இடமில்லை. அது அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அங்கே பார்க்கப்பட்டது ஓராண்டு விலையன்று, முப்பது நாள் விலை.

பின்வந்த பவுலுஸ் என்ற அறிஞரின் கருத்தே நமக்கு மிக முக்கியமானது. கொல்லப்பட்ட அடிமையின் பெறுமதியைக் கணிக்கும்போது உரிமையாளனின் பாசத்தைச் சேர்க்கலாகாது என்று அவர் எழுதினார். அடிமை நிலையில் இருப்பவன் உரிமையாளனுடைய சொந்த இரத்தத்திற் பிறந்த மகனாகவே இருக்கலாம்; தகப்பன் அவனை எவ்வளவு பெருவிலை கொடுத்தும் வாங்க ஆசைப்பட்டிருக்கலாம். அஃது ஒன்றும் கணக்கில் வராது. பொதுவாக எல்லோருக்கும் அவன் என்ன விலை பெறுவானோ அதுவே அவன் விலை. பாசம் மட்டுமன்று, ஒருவனுக்கு மாத்திரம் உரிய தனிப்பட்ட பயனும் அவ்வாறே ஒதுக்கப்பட்டது. பயன்மதிப்பைப் புறந்தள்ளிச் சந்தை மதிப்பை அரியணையில் ஏற்றுவதற்கு முதலாளித்துவம் பிறக்கும்வரை காத்திருக்கவேண்டியிருக்கவில்லை என்பதை அரசியற் பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் இங்கே கவனிக்கலாம்.

இது ஏதோ அந்நியர் கதை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்திலே எழுதுவித்த தேசவழமைத் தொகுப்பிலும் அடிமைகளைப்பற்றிய விதிகள் இருந்தன. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேதான். அடிமை அந்த வரியிலிருந்து வெளியேறிவிட்டான். விலங்கு அங்கேயே நிற்கிறது, பாசத்தைக் கணக்கில் எடுக்காத அதே அளவுகோலுடன்.

இப்போது நமது ஒழுங்கைக்கு வருவோம். அங்கே இரண்டு நாய்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, மதில் சூழ்ந்த மாடிவீட்டிலே வளரும் சாதிநாய், இலட்சக்கணக்கான ரூபா கொடுத்து வாங்கியது, பத்திரம் உண்டு. மற்றது, கிடுகு வேலிக்குள்ளே, கூலிவேலை செய்யும் ஒரு விதவைத் தாயின் வளவிலே வளரும் ஊர்நாய். அதனை யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை. மழைநாளொன்றில் படலையடியிலே வந்து கிடந்தது. அந்தத் தாயின் மகன் தன் சோற்றிலே பங்கு கொடுத்தான். அன்றிலிருந்து அது அவ்வீட்டு நாய். தாய் இரவு வேலைக்குப் போகும்போது பிள்ளைகளுக்குக் காவல் அதுதான். இரண்டையும் ஒரே வண்டி, ஒரே நாளிலே, ஒரே கவலையீனத்தாற் கொல்கிறது. சட்டம் முன்னையவருக்கு இலட்சங்களை அளிக்க ஆயத்தமாக இருக்கும். பின்னையவளுக்கு? ஊர்நாய்க்குச் சந்தையே இல்லை. சந்தை இல்லாததற்கு விலை இல்லை. விலை இல்லாதது அழிந்தால் நட்டமும் இல்லை.

விலையென்ற அளவுகோலை நடுநிலையானது என்று சொல்வோர் இவ்விடத்திலே சற்று நின்று யோசிக்கவேண்டும். பணக்காரனின் துயரத்துக்கு இந்த அளவுகோல் மறைமுகமாகக் காசு கொடுத்துவிடுகிறது, அவன் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவன் என்பதனால். ஏழையின் துயரம் இலவசமாக வந்தது. இலவசமாகவே போகவேண்டும் என்கிறது.

அநீதி விலையோடு முடிவதுமில்லை. வண்டிக்காரருடைய சட்டத்தரணி உடனே கேட்பார்: 'நாயைத் தெருவில் விட்டது யார்?' நியாயமான கேள்வியே. 1968ஆம் ஆண்டின் சட்டமொன்று, இரு தரப்பிலும் தவறு இருந்தால் நட்டஈட்டைத் தவறின் அளவுக்கேற்பப் பகிர்ந்து குறைக்க வழிசெய்துள்ளது. நாய் வளர்ப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்பதை எவரும் மறுக்கலாகாது. விசர்நாய்க்கடியால் மனிதர் இறந்த நாடு இது. ஆனால் மதிலும் இரும்புக் கதவும் கட்ட வசதியுள்ளவர் இயல்பாகவே கவனமுள்ளவராகத் தோற்றமளிக்கிறார். கிடுகு வேலியிலே பொட்டு விழாமல் ஆண்டுக்காண்டு அடைப்பதற்குக் கிடுகு வேண்டும், கதியால் வேண்டும், கூலி வேண்டும். வேலிப்பொட்டுக்குள்ளால் நாய் போய்விட்டது என்பது அந்தத் தாயின் கவலையீனமா, வருமானமா?

இன்னொன்றையும் இவ்விடத்திலே சொல்லவேண்டும். அதே ஊர்நாய் யாதொரு தூண்டுதலுமின்றி அயலவரைக் கடித்திருந்தால், உரோம டச்சுச் சட்டம் அதன் உரிமையாளரிடம் கவலையீனத்தைத் தேடுவதில்லை. வீட்டு விலங்கு தன் இனத்தின் சாந்த இயல்புக்கு மாறாக நடந்து தீங்கு செய்தால், உரிமையாளர் தவறேதும் செய்யாவிடினும் பொறுப்பாளியாவார். நாய் கடித்தால் தவறு நிரூபிக்கப்படத் தேவையில்லை. நாயை வண்டி கொன்றால் தவறு நிரூபிக்கப்படவேண்டும். ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இரும்பைக் குறுகிய ஒழுங்கையிலே செலுத்துபவரைவிட, ஊர்நாயொன்றை வளர்ப்பவர் அபாயகரமானவர் என்று இச்சட்டம் எண்ணுவது போலிருக்கிறது. இவ்விதி தோன்றிய காலத்தில் மோட்டார் வண்டி இருக்கவில்லை, உண்மை. இப்போது இருக்கிறதே.

இங்கே தோழர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். 'ஆண்டுதோறும் இந்நாட்டுத் தெருக்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர் மடிகின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் நடந்து போவோரும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் போகும் எளியோரும். அவர்களை விட்டுவிட்டு நாய்க்காக அழுவதா?' இந்த ஆட்சேபத்தை நான் இலேசாக எண்ணவில்லை. நாய்மீது உருகி மனிதனை உதைக்கும் மேட்டுக்குடி ஜீவகாருண்யத்தை நாம் நிறையவே கண்டிருக்கிறோம். தோட்டத் தொழிலாளி லயக்காம்பராவில் நனைந்துகொண்டிருக்கத் துரையின் நாய் கம்பளத்திலே உறங்கிய வரலாறு நமது மலைநாட்டுக்கு உண்டு.

ஆனால் சட்டம் அந்த மனிதர்களை எப்படி நடத்தியது என்பதைச் சற்றுப் பாருங்கள். ஒரு சிறு குழந்தையின் மரணம் தொடர்பாகத் தகப்பன் தொடுத்த புகழ்பெற்ற வழக்கொன்றிலே 2001ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குழந்தையின் அன்பையும் துணையையும் இழந்தமைக்கு உரோம டச்சுச் சட்டத்தின்கீழ் நட்டஈடு கிடையாது, காசளவான நட்டத்துக்கே உண்டு என்ற நிலைப்பாட்டை எடுத்தது. உழைக்காத குழந்தை, அதனாற் பெற்றோருக்கு வருமானக் குறைவு இல்லை, ஆகவே நட்டமும் இல்லை. பவுலுஸ் எழுதி ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் அவர் கை கொழும்பு வரை நீண்டிருந்தது. 2019ஆம் ஆண்டிலேதான் பாராளுமன்றம் தனிச் சட்டமொன்றை இயற்றி, மனிதரின் மரணத்தில் அன்பும் துணையும் இழந்தமையையும் நட்டமாக ஏற்றுக்கொண்டது.

ஆகவே நாய்க்காகக் கேட்பது மனிதனிடமிருந்து எடுத்து நாய்க்குக் கொடுப்பதன்று. மனிதக் குழந்தையை அண்மைக்காலம்வரை வருமானத்தால் அளந்த அதே கோலே நாயைச் சந்தையால் அளக்கிறது. கோல் தவறானது என்பதே வாதம். குழந்தையின் விடயத்தில் அது முறிந்துவிட்டது. மற்ற இடங்களில் அது சரியானதா என்று கேட்க அதுவே நமக்குத் துணிவு தருகிறது.

நமது மரபு என்ன சொல்கிறது? தமிழ் வாசகர் எவருக்கும் இவ்விடத்தில் கன்றும் தேர்க்காலும் நினைவுக்கு வராமற் போகா. சிலப்பதிகாரத்துக் கண்ணகியும் அதைச் சொல்கிறாள். பெரியபுராணம் அதனைத் திருவாரூரில் வைத்து விரித்துரைக்கிறது. ஆயின் இதே கதையை எல்லாளன்மீது ஏற்றிப் பாளிமொழியிலுள்ள மகாவம்சமும் கூறுகிறது என்பதைப் பள்ளிக்கூடங்களிலே நாம் போதியளவு சொல்வதில்லை. தமிழ் மன்னனைத் தோற்கடித்தவனைப் போற்றவந்த நூல், அந்தத் தமிழ் மன்னனின் நீதியையும் பதிவுசெய்திருக்கிறது. திஸ்ஸ வாவிக்குத் தேரிற் சென்ற இளவரசன், தாயுடன் தெருவிலே கிடந்த கன்றின்மீது தன்னையறியாமல் தேரை ஏற்றிவிட்டான். பசு வந்து ஆராய்ச்சி மணியை இழுத்தது. மன்னன் மகனின் தலையை அதே சக்கரத்தாற் கொய்வித்தான்.

ஓர் உயிருக்கு ஓர் உயிர் என்ற இந்தத் தீர்ப்பை நாம் இன்று ஏற்கமுடியாது. மகனையும் தன் உடைமையாகக் கருதி அறத்தின் பெயரால் அழிக்கக்கூடிய அரச அதிகாரத்தின் கோரத்தை அதில் நான் காண்கிறேன். புலவர்கள் அதைப் பாராட்டியது வேறு விடயம். ஆனால் கதையிலே ஒரு விவரம் என்னை விடமாட்டேன் என்கிறது. அந்தப் பசு யாருடையது? கதை சொல்லவே இல்லை. மணியை இழுத்தது உரிமையாளனன்று. இழந்த தாயே இழுத்தது. உரோமச் சட்டத்தில் வழக்காளி எப்போதும் உடைமைக்காரன். அநுராதபுரத்துக் கதையில் வழக்காளி, இழப்பு யாருடையதோ அவரே.

மகாவம்சத்தின் அதே அதிகாரத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. எல்லாளன் சேதிய மலைக்குத் தேரிற் போனபோது நுகத்தின் நுனி பட்டுத் தூபியொன்று சேதமுற்றது. அவன் வேண்டுமென்று செய்ததன்று. அது வேறு சமயத்தாரின் புனிதப்பொருளும்கூட. அமைச்சர் சொன்ன கணமே மன்னன் தேரை விட்டிறங்கி வீதியிலே கிடந்து, தன் தலையையும் சக்கரத்தால் அறுக்கும்படி கூறினான் என்கிறது நூல். அமைச்சர் தேற்றினர். விழுந்த கற்கள் பதினைந்து. அவற்றைத் திரும்ப வைக்க அவன் செலவிட்டது பதினையாயிரம் காசு. பதினைந்து கல்லின் சந்தைவிலை அதுவாக இருந்திருக்க முடியாது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது தொகையன்று. அவன் இறங்கினான். எண்ணமில்லை, ஆகவே பொறுப்பில்லை என்று தேரைச் செலுத்திக்கொண்டு போய்விடவில்லை.

சட்டம் இப்படி இறங்கி நிற்கும்படி வண்டிக்காரரைக் கட்டாயப்படுத்த இயலுமா? ஓரளவுக்கு இயலும். பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுத் தெருப் போக்குவரத்துச் சட்டம், குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, பன்றி, வெள்ளாடு, நாய் ஆகியவற்றிலொன்று அடிபட்டால் சாரதி வண்டியை நிறுத்தவேண்டும் என்கிறது. நாய் இங்கே வரிசைக்குள் வந்துவிட்டது. பூனை இன்னும் வெளியே நிற்கிறது. ஜெர்மனி 1990ஆம் ஆண்டிலே, விலங்குகள் பொருள்களல்ல என்று தன் சிவில் சட்டத்தில் எழுதியதோடு, காயமுற்ற விலங்கின் வைத்தியச் செலவு அதன் விலையை மிஞ்சிவிட்டது என்ற காரணத்தால் மாத்திரம் அச்செலவை அளவுமீறியதாகக் கொள்ளலாகாது என்றும் விதித்தது. ஏழைக்கு உதவக்கூடியது இத்தகைய விதியே. ஊர்நாயின் விலை சுழியாக இருக்கலாம். மிருக வைத்தியரின் பற்றுச்சீட்டு சுழியன்று.

நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலே 2023ஆம் ஆண்டில், வார் பிடித்து ஒரு பெண் நடத்திச் சென்ற நாயை மோட்டார் வண்டி கொன்றது. 2025ஆம் ஆண்டில் அங்குள்ள முதல்நிலை நீதிமன்றமொன்று, தானும் அபாயத்துள் நின்று அதனைக் கண்ணாற் கண்ட அப்பெண்ணின் மனவேதனைக்கு, அந்த நாயை நெருங்கிய குடும்பத்தினுள் ஒன்றாகக் கொள்ளலாம் என்றது. வரவேற்கத்தக்க தீர்ப்பே. ஆயினும் துயரத்துக்குக் காசு வாங்கும் இந்த வழியை நமது தேசம் அப்படியே பின்பற்றவேண்டும் என்று நான் கருதவில்லை. துயரத்தின் விலையை ஏற்றுவதற்கும் நல்ல சட்டத்தரணி வேண்டும்; நல்ல சட்டத்தரணிக்குக் காசு வேண்டும். பழைய ஏற்றத்தாழ்வு புதிய வாயிலால் உள்ளே வந்துவிடும்.

வண்டியின் உரிமையாளரும் அதனை ஓட்டுபவரும் வேறுவேறாக இருக்கும் நிலையையும் மறந்துவிடலாகாது. பின்னாசனத்தில் இருக்கும் முதலாளி, 'நாய்தானே, நிற்காதே, போ' என்கிறார். சம்பளத்துக்கு ஓட்டும் சாரதி போகிறான். வேலையின் நிமித்தம் வேலையாள் செய்த தவறுக்கு எசமானும் பொறுப்பாளி என்பது சட்டத்தின் நல்ல கொள்கைகளிலொன்று. நடைமுறையிலோ, ஊரார் வண்டியை மறித்தால் அடிவாங்குபவன் சாரதி. பின்னர் நட்டஈட்டுக் காசு கழிக்கப்படுவதும் அவன் சம்பளத்திலே. நிற்காதே என்ற சொல்லைச் சொன்னவர் யார் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

நமது நாட்டிலே இத்தகைய சிறு விவகாரங்கள் நீதிமன்றத்துக்குப் போகுமுன்னர் மத்தியஸ்த சபையின் முன் வரவேண்டியவை. 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த இச்சபைகளில் சட்டத்தரணிகள் தோன்றி வாதாடுவதில்லை. ஊரிலே மதிப்புள்ளோர் சம்பளமின்றி அமர்கின்றனர். அவர்களிலே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர். இவ்விதழின் வாசகர் சிலரும் அங்கே அமர்ந்திருக்கக்கூடும். நீதிமன்றத்தைப்போல் அச்சபை காசுத்தொகை ஒன்றையே பேசவேண்டுமென்பதில்லை; இரு தரப்பாரும் உடன்படும் எதனையும் எழுதிக் கையொப்பமிடுவிக்கலாம். வைத்தியச் செலவை வண்டிக்காரர் கொடுப்பார் என்று எழுதலாம். இனி அந்த ஒழுங்கையிலே அவரது வண்டி, யார் ஓட்டினாலும், நடைவேகத்திலேயே செல்லும் என்று எழுதலாம். வேலிப்பொட்டை அடைக்க வேண்டிய கிடுகையும் கதியாலையும் அவர் வாங்கிக் கொடுப்பார், அடைத்துக்கொள்வது வளவுக்காரரின் பொறுப்பு என்றும் எழுதலாம். அயலவரிடையே இவை செய்யக்கூடியவை. இருவரும் நாளைக்கும் அதே ஒழுங்கையாலேதான் போகவேண்டியவர்கள்.

ஒன்று மாத்திரம் எஞ்சுகிறது. அந்த நாய்க்குச் சோறு கொடுத்து வளர்த்த சிறுவன் சட்டப்படி அதன் உரிமையாளனல்லன், வயது வந்தவனுமல்லன், நீதிமன்றத்திலே அவன் தன் பெயரில் வழக்காளியாக நிற்கமுடியாது. மத்தியஸ்த சபையின் மேசைக்கு முன்னால் அவனுக்கும் ஒரு கதிரை போட்டு, வண்டிக்காரரை அவனிடம் பேசச் சொல்லலாம்.